பெருவழியும் அடியார் கூட்டமும்

சினிமாவைப் பற்றி எழுதுவோரும் பேசுவோரும் சில நெறியாளர்களுக்குக் 'கல்ட்' என்னும் அடைமொழியைச் சூட்டுகின்றனர். வழிபாட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லொன்றின் வழிவந்தது இது. இதற்கு ஒத்த தமிழ்ச் சொல்லைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. அடியார் கூட்டம் என்பது நமக்குப் பழகிய தொடர். பெருவழியிலே செல்லும் நெறியாளருக்கு இரசிகர்கள் உண்டு. அவர்கள் காசு கொடுத்துப் படம் பார்த்து, பிடித்தால் மெச்சி, பிடிக்காவிடின் ஏசிவிட்டு வீடு செல்வர். இந்த மற்றவகை நெறியாளருக்கு இருப்போரோ அடியார்கள். எண்ணிக்கையிற் சிலர், பற்றுறுதியிற் பெரியர். தம் நெறியாளரின் படங்களை எண்ணி வைத்திருப்பர். அவர் பட்ட துன்பங்களையும் எண்ணி வைத்திருப்பர்.

ஒருவர் ஏன் பெருவழியில் நிற்கிறார், இன்னொருவர் ஏன் அடியார் நடுவே அமர்கிறார் என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, கலையின் தரம். மேதையை அவன் காலத்து மக்கள் விளங்கிக்கொள்ளமாட்டார்கள். அவன் காலத்தை முந்திப் பிறந்தவன். ஆகவே சிலரே அவனை உணர்வர் என்பது இதன் சாரம். மக்களைப் பழிப்பதற்கு இதைப்போல் வசதியான கோட்பாடு வேறில்லை. சரித்திரத்தை எடுத்து நோக்கினால் இது நிற்கவும் மாட்டாது.

மேனாட்டிலே இச்சொல்லுக்கு ஒரு வியாபார வரலாறு உண்டு. 1970 டிசம்பரில் நியூயோர்க் நகரத்தின் எல்ஜின் என்ற படமாளிகை, ஹொடொரோவ்ஸ்கியின் 'எல் தோப்போ' என்னும் படத்தை நள்ளிரவுக் காட்சியாகக் காட்டத் தொடங்கியது. பெரிய விளம்பரமில்லை. ஒருவர் வாய்ச்சொல் கேட்டு ஒன்பதுபேர் வந்தனர். படம் மாதக்கணக்கில் ஓடிற்று. 1975 இல் வெளிவந்து முதலில் தோற்றுப்போன 'ரொக்கி ஹொரர் பிக்சர் ஷோ' அடுத்த ஆண்டு நள்ளிரவுக்கு மாறியதும், பார்வையாளர் அப்படத்தின் பாத்திரங்களைப்போல உடுத்து வந்து, திரையின் வசனங்களுக்கு எதிர்வசனம் கூவலாயினர். பகலில் விலைபோகாத சரக்கு இரவில் விலைபோகும் என்பதை அங்கே படமாளிகைக்காரர் கண்டுகொண்டனர். அதற்குமேல் அதிலே நாம் வியக்க ஒன்றுமில்லை.

நமது துணைக்கண்டத்தில் அடியார் கூட்டம் தோன்றிய வழி வேறு. இங்கே அந்த நிலைக்கு ஆளானவர்கள் சிறுகூட்டத்தை நாடியவர்களல்லர், பெருங்கூட்டத்தையே நாடியவர்கள். அதனாலேதான் அவர்கள் வரலாறு நமது சிந்தனைக்குரியதாகிறது. இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வங்காளத்து ரித்விக் கட்டக். மற்றவர் அவர்பாற் கற்ற கேரளத்து ஜோன் ஆபிரகாம்.

கட்டக் 1925 இல் டாக்காவிற் பிறந்தவர். 1943 இன் பஞ்சத்தையும் 1947 இன் பிரிவினையையும் இளமையிலேயே கண்டவர். பஞ்ச காலத்திலே தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றம் வங்காளத்துக் கலைஞர் பலரைத் தன்பால் ஈர்த்தது. 1944 இல் பிஜோன் பட்டாச்சார்யாவின் 'நவான்னா' பஞ்சத்தையே மேடையேற்றியது. அந்த மன்றத்திலேதான் கட்டக் எழுத்தாளராகவும் நடிகராகவும் நெறியாளராகவும் உருவானார். நாடகத்தை விட்டுச் சினிமாவுக்கு அவர் வந்த காரணத்தை அவரே பலமுறை கூறியிருக்கிறார்: ஏககாலத்தில் பெருந்தொகையான மக்களை அடைய வல்ல சாதனம் சினிமா, அதனினும் வலிய சாதனம் ஒன்று நாளை தோன்றுமாயின் சினிமாவையும் உதறிவிட்டு அதன்பால் செல்வதற்கு அவர் தயங்கமாட்டார். சினிமாவைத் தெய்வமாக வழிபடாத ஒருவரைச் சினிமாவின் தெய்வமாக்கி வைத்திருக்கிறார்கள் என்பது விந்தையே.

அவரது முதற் படம் 'நாகரிக்'. வேலைதேடி அலையும் ஒரு கல்கத்தா இளைஞனையும், படிப்படியாகச் சரிந்து சேரிக்கு இடம்பெயரும் அவனது மத்தியதரக் குடும்பத்தையும் பற்றியது. 1952 இல் முடிவடைந்த இப்படம் திரைக்கு வந்தது 1977 இல். படைத்தவர் இறந்து ஓராண்டு கழிந்திருந்தது. இதே இடைக்காலத்தில், 1955 இல், சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' மேற்கு வங்க அரசின் பணவுதவியோடு முடிவுற்று வெளியாகி, மறுவருடம் கான் திரைப்பட விழாவிற் பரிசும் பெற்றுவிட்டது. 'பதேர் பாஞ்சாலி' பெற்ற புகழ் அதற்கு முற்றிலும் தகும், அதில் ஐயமில்லை. ஆயினும், ஏறத்தாழ ஒரே நகரத்தில் ஒரே பத்தாண்டில் எடுக்கப்பட்ட இரு முதற்படங்களுள் ஒன்று உலகத்தைச் சுற்றிவர, மற்றையது இருபத்தைந்து ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்ததை மக்களின் இரசனைமீது எவ்வாறு சுமத்துவது? மக்கள் அதைப் பார்த்து நிராகரிக்கவில்லை. அவர்களுக்குக் காட்டப்படவேயில்லை.

ஒரு படம் மக்களிடம் போய்ச் சேருமுன் கடக்க வேண்டிய வாயில்கள் பல. முதலிட ஒருவர் வேண்டும். முடிந்த படத்தைப் பிரதேச வாரியாக வாங்கி, படமாளிகைகளுக்கு அனுப்ப விநியோகஸ்தர் வேண்டும். அவரோ நட்சத்திரங்களின் பெயரையும் பாட்டையும் பார்த்து முன்பணம் தருபவர். படமாளிகைக்காரர் முதல் வாரத்து வசூலைப் பார்த்தே இரண்டாம் வாரத்தைத் தீர்மானிப்பவர். ஆறுதலாகச் சென்று மக்கள் மனத்திற் பதியும் படத்துக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. பெருவழி என்று நாம் சொல்வது உண்மையில் இந்த வாயில்களின் வரிசையையே. அது மக்களின் வழி என்பதிலும் பார்க்க, சரக்கின் வழி என்பது பொருந்தும்.

தரமே காரணம் என்ற வாதத்தை முற்றாக முறியடிக்கும் செய்தியொன்று கட்டக்கின் வாழ்விலேயே இருக்கிறது. 1950களின் நடுப்பகுதியில் அவர் பம்பாய் சென்று ஒரு ஸ்தாபனத்திலே கதாசிரியராகப் பணிபுரிந்தார். அங்கே பிமல் ராய்க்கு அவர் எழுதிக்கொடுத்த கதைதான் 'மதுமதி'. திலீப்குமாரும் வைஜயந்திமாலாவும் நடித்து, சலில் சௌதுரி இசையமைத்து, 1958 இல் வெளியான அந்தப் படம் இந்தியாவெங்கும் பெருவெற்றி பெற்றது. ஒன்பது பிலிம்பேர் விருதுகளையும் அள்ளிக்கொண்டது. முற்பிறவி, மறுபிறவி, மலைநாடு, ஒடுக்கும் ஜமீன்தார், பாட்டு எனச் சனரஞ்சகம் கேட்கும் அத்தனையும் அதிலே உண்டு. அதே 1958 இல் கட்டக் தாமே நெறிப்படுத்திய 'அஜாந்த்ரிக்' கல்கத்தாவில் வெளியாகித் தோற்றது. ஒரே மனிதர், ஒரே ஆண்டு. பெருவழியில் நடக்கத் தெரியாத காலல்ல அது. வேண்டியபோது நடந்து காட்டிய கால்.

'அஜாந்த்ரிக்' என்ன கதை? சோட்டா நாகபுரிப் பகுதியிலே பழைய செவ்ரோலே வாடகைக் கார் ஒன்றை ஓட்டும் பிமல் என்பவன், ஜகத்தல் எனத் தான் பெயரிட்ட அந்த இரும்பை மனிதருக்கும் மேலாக நேசிக்கிறான். ஊரார் அவனைப் பைத்தியம் என்கின்றனர். இறுதியில் கார் பழைய இரும்பாக நிறுத்து விற்கப்படுகிறது. அதன் ஊதுகுழலை எடுத்து ஒரு குழந்தை விளையாடுகையில் அவன் கண்ணீரினூடே சிரிக்கிறான். தொழிலாளிக்கும் அவன் கருவிக்கும் இடையிலுள்ள உறவைப் பற்றி ஏட்டிலே எழுதப்பட்டவை அநேகம். அதை இவ்வளவு எளிமையாகச் சொன்ன படங்கள் சில. 1959 இல் வெனிஸ் விழாவிலே போட்டிக்குப் புறம்பாக இது காட்டப்பட்டது. அதனால் கல்கத்தாவில் ஒரு வாரங்கூட மேலதிகமாக ஓடவில்லை.

அவரது படங்களுள் வசூலிலும் வெற்றி கண்டது 1960 இன் 'மேகே டாக்கா தாரா' ஒன்றே. கிழக்கு வங்கத்திலிருந்து பெயர்ந்து கல்கத்தாவின் புறத்தே குடியேறிய அகதிக் குடும்பமொன்றை நீதா என்ற மூத்த பெண்ணின் உழைப்பு தாங்குகிறது. அண்ணன் பாடகனாகிறான், காதலன் தங்கையை மணக்கிறான், தம்பி ஆலையில் ஊனமுறுகிறான், எல்லோரும் அவளைத் தின்று வாழ்கின்றனர், அவளோ சயரோகத்தால் அழிகிறாள். காதலன் தன் தங்கையோடு இருப்பதை அறிந்து அவள் படியிறங்கி வரும் காட்சியில், கண்ணுக்குத் தெரியாத சவுக்கொன்றின் ஒலி விழுகிறது. யதார்த்தத்தில் அங்கே சவுக்கு இல்லை. ஆனால் படம் பார்த்த எந்தப் பெண்ணுக்கும் அது எதன் சவுக்கு என்று விளக்கவேண்டியிருக்கவில்லை. ஈண்டு ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். மக்களுக்குப் புரியாத நெறியாளர் என்று சொல்லப்படுபவரின் மிகத் துணிகரமான உத்தி அடங்கிய படத்தைத்தான் மக்கள் ஏற்றுக்கொண்டனர்.

பின் எங்கே பிழைத்தது? அடுத்த ஆண்டில் அவர் தமது சொந்தப் பொறுப்பிலே எடுத்த 'கோமல் காந்தார்' அவரை வீழ்த்தியது. பிளவுபட்ட இரு நாடகக் குழுக்களின் கதை அது. நாடக மன்றத்தின் பிளவையும் நாட்டின் பிளவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டியது. பத்மா நதிக்கரையிலே, முன்பு அக்கரைக்குப் போகும் வழியிருந்த இடத்தில், இரயிற்பாதை முடிந்து தடுப்புக்கட்டை நிற்கிறது. கமரா அந்தப் பாதைவழியே விரைந்து சென்று முட்டித் திரை இருண்டுவிடுகிறது. பிரிவினையைப் பற்றி ஆயிரம் மேடைப்பேச்சு இதற்கு ஈடாகாது. ஆனால் இந்தப் படத்துக்கு ஆதரவாக நிற்க எவருமில்லை. விநியோகஸ்தர் அதை விரும்பாததில் வியப்பில்லை. முன்னாள் தோழர்களும் விரும்பவில்லை. ஏற்கெனவே 1954 இல் கலாசார முன்னணியின் பணிபற்றி அவர் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1955 இல் கட்சியிலிருந்து அவர் விலக்கப்பட்டிருந்தார். முற்போக்காளருக்கு உவப்பான செய்தியன்று இது, மறைத்தற்குரியதும் அன்று. ஒரு கலைஞன் அடியார்களின் கையிற் சிக்குவதற்கு, அவனுடைய இயல்பான கூட்டம் அவனைக் கைவிடுவதும் ஒரு காரணமாகிறது.

1962 இல் எடுத்த 'சுபர்ணரேகா' 1965 இற்றான் வெளியாயிற்று. கைவிடப்பட்ட யுத்தகால விமானத்தளத்தில் விளையாடும் குழந்தை சீதா, பின்னாளில் வறுமை துரத்தி உடலை விற்க நிற்கும் முதல் இரவிலே, குடிவெறியோடு அவள் வாயிலுக்கு வருபவன் அவளை வளர்த்த அண்ணன். தற்செயல் மிகுந்த கதை, மிகையுணர்ச்சி நாடகம் என்று கற்றறிந்தோர் முகம் சுளித்தனர். நாம் இதனை வேறுவிதமாகவே பார்க்கிறோம். கட்டக் சனரஞ்சகப் படத்தின் ஆயுதங்களை, அதாவது தற்செயலையும் பாட்டையும் கண்ணீரையும் தாய்மையின் பழங்கதைகளையும், அப்படியே எடுத்தார். ஆனால் சனரஞ்சகப் படம் அவற்றால் வழங்கும் ஆறுதலை மட்டும் தர மறுத்தார். ஆறுதல் கேட்டு வந்தவன் ஏமாந்தான். அடக்கமான யதார்த்தத்தைப் பயின்று வந்த விமரிசகனோ ஆயுதங்களைக் கண்டே வெறுத்தான். இரு சாராருக்கும் நடுவே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்திலேதான் 'கல்ட்' என்ற பயிர் முளைக்கிறது. தரம் குறைந்தமையாலுமன்று, தரம் கூடிப்போனமையாலுமன்று. இருக்கின்ற இரண்டு கடைகளில் எதிலும் அந்தப் பண்டத்துக்குத் தட்டு இல்லாமையே காரணம்.

1960களின் நடுப்பகுதியில் கட்டக் பூனாவிலுள்ள திரைப்படக் கல்லூரிக்கு ஆசிரியராகச் சென்றார். சிறிது காலம் உபதலைவராகவும் இருந்தார். 1960 இல், பழைய பிரபாத் ஸ்டூடியோ வளவிலே தொடங்கப்பட்ட கல்லூரி அது. அவர் அங்கே தங்கிய காலம் சொற்பம். அடியார் கூட்டத்தின் விதை விழுந்தது அங்கேதான். மணி கௌல், குமார் சஹானி, ஜோன் ஆபிரகாம் முதலானோர் அவரிடம் பயின்றனர். படமாளிகை இழந்த படங்களைக் கல்லூரியின் சிறு மண்டபமும் திரைப்படச் சங்கங்களும் ஏற்றுக்கொண்டன. திரைப்படச் சங்கங்களின் சம்மேளனம் 1959 இலும் தேசியத் திரைப்படச் சுவடிக்கூடம் 1964 இலும் தோன்றியிருந்தன. பெருவழியின் வாயில்கள் மூடிய இடத்தில் இவை ஒரு பக்கவாயிலைத் திறந்தன. ஆனால் அந்த வாயிலால் நுழையக்கூடியவர் யார்? சந்தா செலுத்தக்கூடியவர், ஆங்கிலத்தில் அச்சிட்ட குறிப்புப் படிக்கத் தெரிந்தவர், நகரவாசி. நீதாவின் அகதிக் குடியிருப்பிலிருந்து அங்கு வந்தவர் எத்தனைபேர் என்பது கேட்கவேண்டிய கேள்வி.

மீதி வரலாற்றை விரைந்து சொல்லிவிடலாம், ஏனெனில் அடியார்கள் அதைத்தான் அதிகம் சொல்லியிருக்கின்றனர். குடி, நோய், மனநோய் மருத்துவமனை, 1970 இல் பத்மஸ்ரீ, 1973 இல் வங்காளதேசத்திற் சென்று எடுத்த 'திதாஸ் ஏக்டி நதிர் நாம்', 1974 இல் குடிகாரப் புத்திஜீவியாகத் தாமே நடித்த 'ஜுக்தி தக்கோ ஆர் கப்போ', 1976 பெப்ரவரி 6 இல் ஐம்பது வயதில் மரணம். முடித்த முழுநீளப் படங்கள் எட்டு. இவற்றுள் முதலாவதும் கடைசியும் ஒரே ஆண்டில், 1977 இல், அவர் மறைந்தபின் வெளியாயின. அதன்பின் நூல்கள் வந்தன. மேனாடுகளில் விழாக்கள் நடந்தன. 2010 இல் 'திதாஸ்' படத்தின் படச்சுருள் செப்பனிடப்பட்டு உலகுக்குக் காட்டப்பட்டது. இருந்தபோது ஒரு பிரதிக்குப் பணமில்லை.

ஜோன் ஆபிரகாமின் கதை தமிழரோடு நேரடித் தொடர்புடையது. கேரளத்துக் குட்டநாட்டுப் பகுதியைச் சேர்ந்த அவர், ஆயுட்காப்புறுதிக் கூட்டுத்தாபனத்து உத்தியோகத்தை விட்டுப் பூனாக் கல்லூரிக்குப் போனவர். 1972 இல் மலையாளத்தில் எடுத்த முதற் படம் ஓடவில்லை. 1977 இல் அவர் எடுத்த 'அக்கிரகாரத்தில் கழுதை' தமிழ்ப் படம். திரைக்கதை எழுதியவர் விமரிசகர் வெங்கட் சாமிநாதன். நாராயணசுவாமி என்ற பேராசிரியராக நடித்தவர் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன். தாயிழந்த கழுதைக்குட்டி ஒன்றைப் பேராசிரியர் வளர்க்கத் தலைப்படுகிறார். கல்லூரியில் நகைப்புக்கிடமானதும் அதனைத் தம் ஊர் அக்கிரகாரத்துக்குக் கொண்டுபோகிறார். உமா என்ற ஊமைப் பெண் அதைப் பராமரிக்கிறாள். ஊரிலே நடக்கும் அசம்பாவிதங்கள் எல்லாவற்றுக்கும் கழுதையே காரணமாக்கப்படுகிறது. அவள் பெற்ற இறந்த குழந்தை கோயில் முன்னே கிடக்கக் காணப்பட்டதும் பழி அதன்மேல் விழுகிறது. கழுதையை அடித்துக் கொல்கின்றனர். கொன்றபின் அற்புதங்கள் நிகழத் தொடங்குகின்றன. கொன்றவர்களே அதற்குக் கோயிலெடுக்க முனைகின்றனர்.

அடியார் கூட்டம் உருவாகும் விதத்தைப் பற்றி இதைவிடத் தெளிவான ஆராய்ச்சியை நாம் வேறெங்கும் காணவில்லை. உயிரோடு இருக்கும்போது இடையூறு, செத்தபின் தெய்வம். தம் ஆசான் கல்கத்தாவிலே காலமாகி ஓராண்டு கழியுமுன்போ பின்போ எடுத்த இந்தப் படத்தில் ஜோன் அவரை நினைத்தாரா என்பது நமக்குத் தேவையில்லாத கேள்வி. படம் அதைச் சொல்கிறது, அது போதும்.

அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று இந்திய அரசு அதற்கு விருதளித்தது. தமிழ்நாட்டின் படவுலகமோ அப்படி ஒரு படம் எடுக்கப்பட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. சாதியைத் தொட்ட படம் என்பதால் எதிர்ப்புக் கிளம்பியது. பின்னாளில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பவிருந்ததும் அதனாலே கைவிடப்பட்டது. ஆக, அது திரைப்படச் சங்கங்களின் காட்சிகளிலேயே பெரும்பாலும் உயிர்வாழ்ந்தது. கழுதையை நாயகனாகக் கொண்ட படத்திலே நட்சத்திரத்துக்கு எங்கே இடம்? நட்சத்திரமில்லாத படத்தை எந்த விநியோகஸ்தர் தொடுவார்? தமிழ்ப் படவுலகில் 1970களில் நிலவிய வியாபார முறையை அறிந்தவர்க்கு இது புதுமையல்ல. 2013 இல் இந்தியத் தொலைக்காட்சி நிறுவனமொன்று இந்தியாவின் நூறு சிறந்த படங்களைத் தெரிந்தபோது அதிலே இதற்கும் இடம் கிடைத்தது. பட்டியலில் இடம் கிடைப்பது படமாளிகையில் இடம் கிடைப்பதிலும் இலகு போலும்.

இங்கே ஒரு ஒப்பீடு பயன்தரும். பூனாவிலே படித்த இன்னொரு கேரளத்தவர் அடூர் கோபாலகிருஷ்ணன். அவர் 1965 இல் திருவனந்தபுரத்தில் நண்பர்களோடு சித்ரலேகா என்ற திரைப்படச் சங்கத்தை அமைத்தார். அதன் தொடர்ச்சியாகக் கூட்டுறவு முறையிலே படத்தயாரிப்புக்கும் அடித்தளமிட்டார். 1972 இல் அவரது 'சுயம்வரம்' திரைப்பட நிதிக் கூட்டுத்தாபனத்தின் கடனுதவியோடு வெளியாகி, சிறந்த படத்துக்கும் சிறந்த நெறியாளருக்குமான தேசிய விருதுகளைப் பெற்றது. அவர் பெருவழிக்காரரல்லர், அடியார் சூழ்ந்த 'கல்ட்' உருவுமல்லர். படத்தைத் தாங்குவதற்கு முன்கூட்டியே ஒரு ஸ்தாபனம் கட்டிக்கொண்டவர். எனவே பெருவழிக்குப் புறம்பே நிற்பவர் எல்லோரும் அடியார்களின் பொருளாகிவிடுவதில்லை. தாங்கும் அமைப்பு இல்லாத இடத்தில், தனிமனிதனின் உடம்பே அமைப்பாகிவிடுகிறது. அவன் பசி, அவன் தாடி, அவன் குடி, அவன் பேச்சு ஆகியன அவன் படங்களுக்கு விளம்பரப் பலகையாகின்றன.

ஜோனும் இதனை உணராதவரல்லர். 1984 இல் அவரும் தோழர்களும் கோழிக்கோட்டை மையமாகக் கொண்டு ஒடெஸ்ஸா என்ற கூட்டமைப்பைத் தோற்றுவித்தனர். ஐசன்ஸ்டைனின் 'பொட்டெம்கின்' படத்துப் படிக்கட்டுக் காட்சியை அறிந்தோர்க்குப் பெயரின் காரணம் சொல்லவேண்டியதில்லை. அவர்கள் செய்தது இதுதான்: பதினாறு மில்லிமீற்றர் படக்கருவி ஒன்றோடு ஊரூராகச் சென்றனர். வெள்ளைத்துணி கட்டிச் சப்ளினின் 'த கிட்' முதலிய படங்களைக் காட்டினர். பறையடித்து, தெருவிலே பாடி, கூடியவர்களிடம் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயுமாகச் சேர்த்தனர். விநியோகஸ்தரின் முன்பணத்துக்குப் பதிலாக மக்களின் முன்பணம். இவ்வாறு திரட்டிய பணத்தில் 1986 இல் எடுக்கப்பட்டதே 'அம்ம அறியான்'.

டில்லிக்கு மேற்படிப்புக்காகப் புறப்படும் புருஷன் என்ற இளைஞன், வயநாட்டிலே தூக்கில் தொங்கிய ஒருவனின் உடலைக் காண்கிறான். இறந்தவன் ஹரி என்ற தபேலாக் கலைஞன். தீவிர இயக்கத்தில் இருந்தவன். செய்தியைக் கொச்சியிலுள்ள அவனது தாயிடம் நேரிற் சொல்வதற்காகப் புருஷன் பயணம் மாறுகிறான். வழியில் ஒவ்வோர் ஊரிலும் இறந்தவனின் நண்பர் ஒருவர் சேர்ந்துகொள்கிறார். தனியொருவனாகத் தொடங்கிய பயணம் ஊர்வலமாகிறது. இடையிடையே மீனவர், கற்சுரங்கத் தொழிலாளர், மாணவர் ஆகியோரின் போராட்டங்கள் வருகின்றன. படம் முழுவதும் புருஷன் தன் தாய்க்கு எழுதும் கடிதமாக அமைந்திருக்கிறது. பணம் சேர்ந்த விதத்தையே கதை நிகழும் விதமாகவும் கொண்ட படம் உலகில் வேறு உண்டா என நாம் அறியோம். முடிந்த படத்தையும் அவர்கள் படமாளிகைக்கு விற்கவில்லை. பணம் தந்த ஊர்களுக்கே கொண்டுசென்று காட்டினர்.

இம்முயற்சியைப் பற்றி மிகைப்படப் பேசுவாரும் உளர். அதிலே குறை உண்டு. படம் நீண்டது, ஆங்காங்கே தளர்ந்தது, கருத்துரைகள் காட்சியை மேவிவிடுகின்றன. மாணவரும் இயக்கத்தவரும் நிறைந்த கூட்டத்துக்குப் பழகிய மொழியை அது பேசுவது வயற்காரருக்கு எட்டியிருக்குமா என்ற ஐயம் நமக்குண்டு. ஆனாலும் பெருவழியின் வாயில்களை நம்பாமலும் நகரத்துச் சங்க மண்டபத்துக்குள் ஒடுங்காமலும் மூன்றாவது வழியொன்றை வெட்ட முயன்றது இதுவே. கட்டக்கினால் மனத்தில் வைத்திருக்க மட்டுமே முடிந்ததைச் சீடர் ரூபாய்க் கணக்கிலே செய்து பார்த்தார்.

1987 மே 31 இல் கோழிக்கோட்டிலே கட்டடமொன்றின் மேல்மாடியிலிருந்து விழுந்து ஜோன் இறந்தார். ஐம்பது வயது நிறையவில்லை. நான்கே படங்கள். அன்று தொட்டு நடந்தது யாவரும் ஊகிக்கக்கூடியதே. அவர் எந்தச் சாராயக்கடையில் யாரிடம் என்ன சொன்னார், எந்த நண்பனின் வீட்டுக் கதவை எந்த நள்ளிரவிலே தட்டினார் என்ற கதைகள் கேரளமெங்கும் பெருகின. அவரைக் கண்டதாகச் சொல்வோர் தொகை அவர் படத்தைக் கண்டோர் தொகையை மிஞ்சிவிடுமோ என ஐயுறுமளவுக்குப் பெருகின. 'அம்ம அறியான்' ஒரு கூட்டத்தின் படைப்பு. கணக்கெழுதியவர், துணி கட்டியவர், பறையடித்தவர், ஒரு ரூபாய் தந்த பீடித் தொழிலாளி எல்லோரும் அதன் படாதிபதிகள். அடியார்களின் கதைகளில் இவர்கள் வருவதில்லை. கூட்டமாகச் செய்ததை மீண்டும் ஒருவனின் பிறவிக்குணமாக்கித் தருவதே வழிபாட்டின் வேலை.

அதன் இன்னொரு தீங்கும் இளைஞர்மேல் விழுகிறது. கட்டக்கின் துன்பம்தான் அவர் கலைக்கு உரம் என்று எழுதுவோரை நாம் அடிக்கடி காண்கிறோம். வறுமையும் குடியும் மேதைமையின் அடையாளங்கள் என்று நம்பி, படம் எடுக்குமுன்பே குடிக்கக் கற்றுக்கொண்டோரையும் காண்கிறோம். 1962 இற்குப் பின்னர், திதாஸ் வரையிலான பத்து ஆண்டுகளிலே கட்டக் ஒரு முழுநீளப் படத்தையும் முடிக்க இயலவில்லை. அந்தப் பத்து ஆண்டுகளில் நிற்கவேண்டிய படங்கள் எவை? தொடங்கி நின்றுபோனவை உண்டு. எழுதி வைத்து எடுக்காதவை உண்டு. துன்பம் உரமாயின் அந்த விளைச்சல் எங்கே?

இன்று இவர்களின் படங்களைத் தேடுவோர்க்கு முன்னைய இடர்கள் பல இல்லை. 'மேகே டாக்கா தாரா' செப்பனிட்ட பிரதியாக விற்பனைக்குண்டு. ஜோனின் தமிழ்ப் படத்தையும் கைத்தொலைபேசியின் சிறு திரையிலே பார்த்தோர் பலர். அவ்வாறு பார்த்தவர் தனியராகப் பார்க்கிறார். படம் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க எவருமில்லை. ஒடெஸ்ஸாவினரின் காட்சிகளில் படத்தைவிடப் படத்தின் பின்னே நடந்த பேச்சு நீண்டது. கூட்டத்தினர் நெறியாளரையே வழிமறித்துக் கேள்வி கேட்டனர், சிலர் ஏசினர், சிலர் அடுத்த ஊருக்கும் கூடவே நடந்தனர்.